இன்னும் என் முறைதான்

சத்தியம் தம்பி. என் தலைமேல் சத்தியம், இந்தப் பஸ் மேல் சத்தியம், அதோ டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் ஆடுகிறதே எலுமிச்சம்பழம், அதன் மேலும் சத்தியம்! நான் இப்போது சொல்லப் போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. எங்கள் ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால் வேறு மாதிரிதான் சொல்வார்கள். சிறுத்தைக்குப் புகையிலை கொடுத்துப் பேசி அனுப்பினேன் என்று கதை விட்டவன் இந்த நாச்சிமுத்துதான் என்பார்கள். விட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. அது வேறு நாள், வேறு வாய். இன்றைக்கு ஒரு சொல் தப்பினாலும் நஷ்டம் எனக்குத்தான். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வலது கை சும்மாதானே இருக்கிறது? நல்லது.

செஸ் ஆடுவீர்களா? ஆடத் தெரியாதா? அட, அது இன்னும் நல்லது. ராஜா எது, சிப்பாய் எது என்று தெரிந்தால் போதும். ராஜாவின் தலையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அவ்வளவுதான்.

நான் எங்கே இறங்குகிறேன் என்றா கேட்டீர்கள்? பொட்டிக்கரட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவேன். நீங்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வலது பக்கம் பாருங்கள், கரடு, அந்தக் கல்லுக் குன்று, பாதிதான் இருக்கும். கத்தியால் வெட்டி எடுத்த கேக் மாதிரி. மீதிப் பாதி ஜல்லியாகி உங்கள் ஊர் ரோட்டில் கிடக்கிறது. வெட்டிய இடத்தில் ஒரு குழி. பழைய குவாரிக் குழி. பச்சைத் தண்ணீர். ஏழு பனை ஆழம்.

சரி, நாலு பனை. உண்மையாகத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் குழியின் விளிம்பில் எங்கள் மனமகிழ் மன்றம் இருந்தது. குவாரிக்காரர்கள் மேஸ்திரிகளுக்காகக் கட்டிக் கொடுத்தது. முன்னால் கேரம், பின்னறையில் செஸ். பின்னறை ஜன்னலைத் திறந்தால் நேரே கீழே தண்ணீர். நான் குவாரியின் எடைமேடையில் லாரிக்குச் சீட்டுப் போட்டு ஓய்வு பெற்றவன். அன்றிலிருந்து சாயங்காலம் என்றால் பின்னறைதான்.

எங்கள் மன்றத்து ஆட்டம் டவுன் ஆட்டம் மாதிரி இல்லை. கடிகாரம் கிடையாது. அப்புறம், எதிராளியின் ராஜாவை மேட் பண்ணக் கூடாது. பண்ணினால் பெரிய மரியாதைக்குறைவு. பெரிய மேஸ்திரி காலத்திலிருந்து அப்படி. வயதான மனிதனை மூலையில் தள்ளி அமுக்குவது கன்னத்தில் அறைகிற மாதிரி என்பார் அவர். ஜெயிக்கிறவன் காயை அங்கே இங்கே நகர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். தோற்கிறவன் தானாகப் புரிந்துகொண்டு தன் ராஜாவைப் பலகையில் சாய்த்து வைப்பான். "சாய்ச்சுட்டேங்க" என்பான். ஜெயித்தவன் எழுந்து வந்து கையைப் பிடித்து "நல்ல ஆட்டம்ங்க" என்று சொல்ல வேண்டும். வந்தே ஆக வேண்டும். எவ்வளவு அழகான வழக்கம், பாருங்கள்.

இன்னொன்று. யார் முறையோ அவன் யோசிக்கும்போது எழுந்து நடக்கலாம், வெளியே போய் வெற்றிலைகூடப் போட்டு வரலாம். ஆனால் எதிராளி எழக் கூடாது. மற்றவன் யோசிக்கும்போது எழுகிறவன் தோற்றவன். உட்கார்ந்துகொண்டு, வேண்டுமானால் விரலால் மேஜையை ரெண்டு தட்டுத் தட்டலாம். நகர்த்துங்க என்று அர்த்தம்.

அது ஒன்றுமில்லை தம்பி. பின் டயரில் கல் சிக்கியிருக்கும். இந்த ரோட்டில் அப்படித்தான் சத்தம் வரும்.

எங்கே விட்டேன்? ஆமாம், சாய்ப்பது. ஆட்டத்தில் எப்போது சாய்க்க வேண்டும் என்பது பெரிய வித்தை. எங்கள் மன்றத்தில் அந்த வித்தை முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எப்படி என்கிறீர்களா? நான் ஒருமுறைகூடச் சாய்த்ததில்லை. சாய்த்தவனுக்கு அவன் சாய்த்த நேரம் மட்டும்தானே தெரியும்? எனக்கு மற்ற எல்லா நேரமும் தெரியும்.

என்னோடு உட்காருகிறவர் சர்வேயர். பெயர் ஜம்புலிங்கம். தாலுக்கா ஆபீசில் காலமெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். குச்சி மாதிரி ஆள், குச்சி மாதிரியே உட்காருவார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் ஓசூரில். நல்ல மனிதர் தம்பி. ஒரே குறை, அவருக்கு எப்போது சாய்க்க வேண்டும் என்று தெரியாது. அதுதான் கதை. அதனால்தான் இத்தனையும்.

ஆடி மாதத்தில் ஒரு ஆட்டம் ஆரம்பித்தோம். முதலில் என் குதிரை போயிற்று. அப்புறம் ராணி. அது நானாகக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம், வைத்துக்கொள்ள வேண்டாம். நான் பார்க்கவில்லை, அவர் எடுத்தார். இதையும் உண்மையாகவே சொல்லிவிடுகிறேன். ஆவணி முடிகிறபோது என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் இருந்தோம். பார்த்தீர்களா, இருந்தோம் என்று வருகிறது. அவ்வளவு ஒன்றிப்போயிருந்தேன். அவரிடம் ராணி, ரெண்டு யானை, பட்டாளம் மாதிரிச் சிப்பாய்கள்.

"நாச்சிமுத்து, ஆட்டம் இனி இல்லைங்களே" என்றார்.

"யோசிக்கிறேன்" என்றேன்.

யோசிக்க நேரம் வேண்டும் அல்லவா? சில நாள் ஒரு நகர்த்தல். சில நாள் அதுவும் இல்லை. ராஜா நிற்கிறவரை ரெண்டு பேரும் நாலு மணிக்கு மன்றத்துக்கு வந்தாக வேண்டும், வராதவன் தோற்றான். அவர் தினமும் வந்தார். நானும் வந்தேன். நீங்களே சொல்லுங்கள், இது ஆட்டமா இல்லையா?

ஐப்பசியில் அவர் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மனிதர் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தார். "ஆட்டத்தை முடிச்சுட்டுப் போய்ப் பேத்தியைப் பார்க்கோணுங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"தாராளமாப் போங்க சர்வேயர். சாய்ச்சுட்டுப் போங்க" என்றேன்.

"நானுங்களா? நான் ஜெயிக்கிறனுங்களே!"

"அதுக்கென்ன?"

"இல்லாத அளவை இருக்குதுன்னு நான் எழுதுனதே இல்லீங்க நாச்சிமுத்து."

பாருங்கள் பிடிவாதத்தை. யோசித்துப் பாருங்கள் தம்பி, சாய்க்க வேண்டியவன் யார்? காய் குறைந்தவன் என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், வெளியே ஆள் காத்திருக்கிறவன்தான் சாய்க்க வேண்டும். எனக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்குப் போனால் ஒரு பூனை, அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை. அவருக்குப் பேத்தி இருக்கிறது. இழப்பதற்கு இத்தனை வைத்துக்கொண்டு ஒருவன் செஸ் பலகையில் ஜெயித்து என்ன ஆகப் போகிறது? இதை அவருக்கு எத்தனை தடவை விளக்கினேன்!

அதற்குள் சுவரில் விரிசல் வந்தது.

குவாரியில் தினம் சாயங்காலம் வெடி வைப்பார்கள். முதலில் சங்கு ஊதும், ஊர் ஒதுங்கும், அப்புறம் வெடி. குழியின் அந்தப் பக்கம் புதிதாக வெட்ட ஆரம்பித்ததிலிருந்து வெடிக்கு வெடி மன்றம் ஆடியது. சர்வேயர் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு கோடு. ஒருநாள் மனிதர் சோற்றுப் பருக்கையைக் கொண்டுவந்து, கோட்டின் மேல் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டினார்.

"என்னங்க சர்வேயர், சுவத்துக்குக் கட்டுப் போடறீங்களா?"

"நகருதான்னு பார்க்கிறனுங்க."

"எது, உங்க யானையா?"

"சுவருங்க" என்றார், சிரிக்காமல்.

மறுநாள் காகிதம் நடுவில் கிழிந்திருந்தது. இன்னொன்று ஒட்டினார். அதுவும் கிழிந்தது. கார்த்திகை மழைக்கு அப்புறம் அந்த விரிசலுக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. கேரம் ஆடுகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஆபத்து என்று பலகை எழுதி வாசலில் கட்டி, முன்கதவைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் பக்கவாட்டு நடையில் போனோம்.

எதிரில் டீக்கடை வைத்திருக்கும் குருவம்மாள் சத்தம் போடுவாள். "ஏனுங்க, தலை நரைச்சுதே, புத்தி வந்துச்சுங்களா? ஒருத்தர் தோத்துட்டேன்னு சொல்லிப்போட்டு வெளிய வாங்களேன்!"

"அவரைச் சொல்லச் சொல்லு" என்பேன் நான்.

"நாச்சிமுத்தண்ணா, உங்ககிட்ட ஒத்தச் சிப்பாய்தான் இருக்குதாம், ஊரே சிரிக்குது."

ஊருக்கு என்ன தெரியும்?

ஒருநாள் வெடிச் சத்தத்தில் மேஜை குலுங்கி என் ராஜா உருண்டு சாய்ந்துவிட்டது. சர்வேயர் அதைப் பார்த்தார். பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமே. பசித்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி. மெதுவாக நாற்காலியைப் பின்னால் தள்ளினார், எழப் போனார்.

"சாய்ஞ்சிருச்சுங்க, நாச்சிமுத்து."

"வெடி சாய்ச்சது. நான் சாய்க்கலை. உட்காருங்க."

உட்கார்ந்தார். நாணயமான மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன். அன்றிலிருந்து நான் யோசிக்க எழுந்து போகும்போதெல்லாம் ராஜாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். பைக்குள் அது நின்றபடிதான் இருக்கும்.

மார்கழியில் ஒருநாள். அன்றைக்குப் பகலெல்லாம் தூறல். மனிதர் பெட்டியோடு வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, ஒரு கையில் குடை, ஒரு கையில் பெட்டி. சாயங்காலம் ஓசூர் பஸ், மறுநாள் பேத்திக்குப் பேர் வைக்கிறார்களாம், தாத்தா மடியில் வைத்துத்தான் பேர் சொல்ல வேண்டுமாம். மகள் அழுதாளாம்.

உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரில் காகிதமே இல்லை, விரிசல் அவ்வளவு அகலம், ஒட்டுவதற்கு விளிம்புக்கு விளிம்பு எட்டவில்லை.

"நாச்சிமுத்து, இன்னைக்கு முடிச்சுருவோமுங்க. உங்க ராஜாவுக்கு ரெண்டே கட்டந்தான். அங்கயும் இங்கயும் போய்ட்டு வந்துட்டே இருக்கோணும். இதுல யோசிக்க என்னங்க இருக்குது?"

"அதைத்தான் யோசிக்கிறேன்" என்றேன். எழுந்தேன். ராஜாவைப் பையில் போட்டேன்.

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டார். "போய்ட்டு வாங்க. நான் இங்கயேதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

நான் குருவம்மாள் கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். கடையிலிருந்து பார்த்தால் பக்கவாட்டு நடை வழியாகப் பின்னறை தெரியும். அவர் முதுகு தெரிந்தது. நேராக. பாதி டீ குடித்திருப்பேன், சங்கு ஊதிற்று.

"அண்ணா, அவர் உள்ளயே இருக்காருங்க! கூப்பிடுங்க!"

"பேசாம இரு குருவம்மா. இப்பத்தான் ஆட்டமே இருக்குது."

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, அந்த நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை மாதம் நான் யோசித்த யோசனை அதுதான் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. சங்கு ஊதினால் எழுவார். எழுந்தால் தோற்றார். ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு ராணியையும் ரெண்டு யானையையும் ஜெயித்தவன் உலகத்தில் எவன் இருக்கிறான்? எழுங்கள், எழுங்கள் சர்வேயர் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் நன்மைக்காகத்தான் கெஞ்சினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உண்மைதான், பாதி.

குருவம்மாள் வாயில் கையைக் குவித்துக் கத்தினாள். "சர்வேயரய்யா! எந்திரிச்சு வாங்க!"

அவர் எழவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கை மட்டும் மேஜைக்குப் போயிற்று. ரெண்டு தட்டு. அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் கேட்டிருக்க முடியாது என்று குருவம்மாள் சொல்கிறாள். எனக்குக் கேட்டது. டொக், டொக்.

அப்புறம் வெடி.

பெரிய சத்தத்தோடு விழுந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். பொய். சத்தமே இல்லை. பின்னறை அப்படியே நகர்ந்தது, தட்டில் வைத்து யாரோ உள்ளே எடுத்துப் போகிற மாதிரி. சுவர், ஜன்னல், மேஜை, அவர். சாயவில்லை தம்பி. நின்ற வாக்கிலேயே இறங்கிற்று. அப்புறம் வெகுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். முங்கினார்கள். குடை கிடைத்தது, பெட்டி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. மேஜையும் நாற்காலியும்கூடக் கிடைக்கவில்லை. சேற்றுக்குள் போயிருக்கும் என்றார்கள். மகள் வந்து குழி ஓரத்தில் நின்றாள், கையில் குழந்தை. என்ன பேர் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கெதற்கு?

எல்லோரும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள். குருவம்மாள் எனக்கு டீ தருவதில்லை. நான் என்ன செய்தேன்? நான் டீதானே குடித்தேன்? சாய்க்கத் தெரியாதது அவர்.

ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கிறார். நான் யோசித்துக்கொண்டிருக்கிறேனே, அவர் எப்படி எழ முடியும்? ராஜா என் பையில். இன்னும் என் முறைதான்.

சாயங்காலமானால் தட்டுகிறார். முதலில் வீட்டுத் தரைக்கு அடியில் கேட்டது. எலி என்று நினைத்தேன். அடுத்த தெருவுக்குக் குடிபோனேன், அங்கேயும் தட்டினார். அப்புறம்தான் பிடிபட்டது, ராஜா எங்கே இருக்கிறதோ அங்கேதான் சத்தம். கோயில் விளக்கு மாடத்தில் கொண்டுபோய் வைத்தேன். பூசாரி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க சாமான் எடுத்துக்குங்க, கருவறை வரைக்கும் சத்தங் கேட்குதுங்க" என்றார். குழியிலேயே வீசினேன். மறுநாள் என் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது, ஈரமாக. நின்றுகொண்டிருந்தது தம்பி. விழுந்து கிடக்கவில்லை.

இப்போது சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்கிறது, இல்லையா? டயர் என்று சொன்னேன். அந்த ஒன்று மட்டும் பொய். திருத்திக்கொள்ளுங்கள். டயர் இல்லை.

சாய்த்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். முதலாவது, சாய்த்தால் நான் தோற்றதாக ஆகிவிடும். அதைக்கூட விடுங்கள், இந்த வயதில் தோற்றால்தான் என்ன. நான் சாய்த்தால் அவர் எழலாம். எழுந்தால் அவர் வந்தாக வேண்டும். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன் அல்லவா? ஜெயித்தவன் எழுந்து வந்து, கையைப் பிடித்து, நல்ல ஆட்டம்ங்க என்று சொல்ல வேண்டும். நாணயமான மனிதர். வராமல் இருக்க மாட்டார்.

என் கையைப் பாருங்கள், எப்படி நடுங்குகிறது. நிறுத்தம் வருகிறது போலிருக்கிறது. இடுப்பில் வேட்டி வேறு நழுவுகிறது. இதைக் கொஞ்சம் பிடியுங்கள். அந்தக் கையில் இல்லை, வலது கையில். ஆ, அப்படித்தான். ஒரு நிமிடம். நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், தலைக் குமிழ் மேலே இருக்கட்டும்.

ஈரமாகத்தான் இருக்கும். அது காய்வதில்லை.

எங்கள் மன்றத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பெரிய மேஸ்திரி காலத்தது. ஆடுகிறவனுக்கு உடம்பு முடியாமல் போனால் மாற்றாள் வைக்கலாம். ஆட்டத்தை முதலிலிருந்து ஒரு சொல்கூடப் பொய் இல்லாமல் அவனிடம் சொல்ல வேண்டும், அவன் வலது கையில் ராஜாவைக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டால் அவன் முறை. அவ்வளவுதான்.

கண்டக்டர், இறங்கணும்! நிறுத்துங்க!

எழாதீர்கள் தம்பி, உட்காருங்கள். ஏன் திருப்பித் தருகிறீர்கள், நான் வாங்க மாட்டேன். கீழேயும் வைத்துவிடாதீர்கள், பஸ் ஆடுகிறது, சாய்ந்துவிடும். நிதானமாக யோசியுங்கள், உங்களுக்கு ரெண்டு கட்டம் இருக்கிறது. கடிகாரம் கிடையாது. அடுத்த வளைவு தாண்டியதும் வலது பக்கம் பச்சைத் தண்ணீர் தெரியும், அந்தப் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள்.

இருங்கள், ஒன்று விட்டுப்போயிற்று! ஜன்னலுக்கு வாருங்கள், இங்கே கீழே! நாலு பனை ஆழம் என்றேனே, அது இல்லை. ஒன்றரைப் பனைதான். ஒன்றரை! ஏறி வர அவருக்கு ரொம்ப நேரம் ஆகாது. இப்போது எல்லாமே உண்மை, ஒரு சொல் பாக்கி இல்லை.

போய்ட்டு வாங்க தம்பி. யார் கேட்டாலும், எந்த மாதிரி ஆள் வந்து எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், இதை உங்களுக்குச் சொன்னது யாரென்று மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள்.